மனச்சோர்வும் மாற்றுத்திறனாளி சான்றிதழும்: சேலம் மாவட்டத்தில் முதன்முறை விண்ணப்பிப்போருக்கு

மனச்சோர்வு நோய்க்கு அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழும், அதைக் கொண்டு மாத உதவித்தொகையும் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு, கிடைக்கும், ஆனால் நோயின் பெயரைச் சொல்லி மட்டும் கிடைக்காது என்பதே முதல் பதில். ஒருவர் உள்ளுக்குள் எவ்வளவு வருந்துகிறார் என்பதை மருத்துவர் அளப்பதில்லை. குளிப்பது, உண்பது, பேசுவது, பழகுவது, பிழைப்பைப் பார்ப்பது ஆகியவற்றில் அவரால் எவ்வளவு முடியாமல் போயிற்று, எத்தனை ஆண்டுகளாக அப்படி இருக்கிறது என்பதையே அளக்கிறார். இந்த ஒன்று தெரியாததால்தான் உண்மையாகவே தகுதியுள்ள பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கண்ணி பற்றவைக்கும் வேலை பார்த்துவந்த என் தம்பியை அழைத்துக்கொண்டு நானும் அப்படி ஒருமுறை திரும்பியவள்தான். அந்த அலைச்சலில் கற்றவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

விண்ணப்பம், சான்றிதழ் என்பதெல்லாம் பின்னால் வரட்டும். வீட்டில் இருப்பவர் சாவைப் பற்றிப் பேசுகிறார், அல்லது இரண்டு நாட்களாக உணவையும் தண்ணீரையும் தொடவில்லை என்றால், அன்றைக்கே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம்.

சட்டத்தில் மனச்சோர்வு எங்கே இருக்கிறது

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மனநோய். சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவாற்றல் முதலியவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு, ஒருவரின் தீர்மானிக்கும் திறனையோ, நடத்தையையோ, அன்றாட வாழ்வின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் ஆற்றலையோ கடுமையாகப் பாதிக்குமானால் அது மனநோய் என்று சட்டம் வரையறுக்கிறது. மனச்சோர்வு மனநிலைக் கோளாறுகளுள் ஒன்று என்பதால், பாதிப்பு கடுமையாக இருக்கும்போது அது இந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. பழைய நடைமுறையில் மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), முதுமை மறதி ஆகிய நான்கு மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. அந்தக் காலத்து நினைவில், மனச்சோர்வுக்கெல்லாம் அட்டை கிடையாது என்று அடித்துச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் மனநோய் என்று இருப்பதைச் சொல்லி விண்ணப்பத்தைக் கொடுத்தால் போதும்.

பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான சலுகைகளுக்கு உரிய எல்லைக்கோடு. அதற்குக் குறைந்தாலும் சான்றிதழ் தரப்படலாம். ஆனால் அதைக் கொண்டு உதவித்தொகை கேட்க முடியாது.

சொற்குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. முன்பு மனவளர்ச்சி குன்றியோர் என்று அழைக்கப்பட்டவர்களை இப்போது அறிவுசார் குறைபாடு உடையோர் என்கிறார்கள். அது பிறவியிலோ சிறு வயதிலோ தொடங்கும் நிலை. மனநோய் அதிலிருந்து முற்றிலும் வேறானது. இரண்டிலும் மனம் என்ற சொல் புழங்குவதால் விண்ணப்பத்தைப் பதிவு செய்பவர் மாற்றிப் பதிந்துவிடுவது உண்டு. அப்படிப் பதிந்தால் நீங்கள் வேறொரு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு ஒரு நாள் வீணாகும்; ஆகவே ஒப்புகைச் சீட்டை வாங்கியதும் குறைபாட்டின் வகை மனநோய் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அவ்விடத்தை விட்டு நகருங்கள்.

மதிப்பெண் கணக்கு

மனநோயின் பாதிப்பை அளக்க, இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு 2002 இல் உருவாக்கிய ஐடியாஸ் என்னும் அளவுகோல் பயன்படுகிறது. இதைப் புரிந்துகொள்வது கடினமன்று; புரிந்துகொண்டு போகிறவருக்கும் புரியாமல் போகிறவருக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு உண்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அளவுகோல் நான்கு பகுதிகளைப் பார்க்கிறது. முதலாவது தன்னைப் பேணிக்கொள்ளுதல்: குளித்தல், உடை மாற்றுதல், உண்ணுதல், மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளுதல். இரண்டாவது பிறரோடு பழகுதல்: வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் உறவைப் பேணுதல், வருபவரிடம் முகம் கொடுத்துப் பேசுதல். மூன்றாவது சொல்வதைப் புரிந்துகொள்ளுதலும் தன் கருத்தைச் சொல்லுதலும். நான்காவது வேலை, சம்பாதிப்பவருக்கு அவருடைய தொழில், இல்லத்தரசிக்கு வீட்டு வேலை, மாணவருக்குப் படிப்பு என்று அவரவர்க்கு உரியது மட்டும் கணக்கில் வரும். வேலைக்கே போகாத பெண்ணுக்கு எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று பலர் கேட்கிறார்கள்; உலை வைத்துவிட்டு அடுப்படியிலேயே இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதும், அரிசி கருகுவதும் வேலைப் பகுதியில் வரும் பாதிப்புகளே.

ஒவ்வொரு பகுதிக்கும் பாதிப்பு இல்லையென்றால் 0, லேசாக இருந்தால் 1, நடுத்தரமானால் 2, கடுமையானால் 3, முற்றிலும் இயலாவிட்டால் 4. இந்த நான்கின் கூட்டுத்தொகையோடு, நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கான மதிப்பெண்ணும் சேரும்: 2 ஆண்டுக்குக் குறைவென்றால் 1, 2 முதல் 5 ஆண்டுகள் என்றால் 2, 6 முதல் 10 ஆண்டுகள் என்றால் 3, அதற்கும் மேலென்றால் 4. மொத்தம் 1 முதல் 6 வரை வந்தால் 40 விழுக்காட்டுக்குக் குறைவு. 7 முதல் 13 வரை 40 முதல் 70 விழுக்காடு. 14 முதல் 19 வரை 71 முதல் 99. 20 என்றால் 100.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வு. சொன்னால்தான் குளிக்கிறார், ஆனால் தானே உண்கிறார், அதற்கு 1. மைத்துனன் வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகாமல் உறவுகளை விட்டு ஒதுங்கிவிட்டார், அதற்கு 2. கேட்பது புரிகிறது, பதில் தாமதமாக வருகிறது, அதற்கு 1. தறியில் உட்கார்ந்து ஓராண்டுக்கு மேலாகிறது, இடையில் இரண்டு முறை முயன்று பாதியில் எழுந்துவிட்டார், அதற்கு 3. கூட்டினால் 7, காலத்துக்கு 2, மொத்தம் 9. அவர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுகிறார். இதற்கு மாறாக, எட்டு மாதமாக உறக்கமின்றி, அழுகையோடு, ஆனால் கடைக்குப் போய் வியாபாரத்தையும் பார்த்துவருகிற ஒருவரின் துன்பம் எவ்விதத்திலும் சிறியதன்று. இருந்தாலும் அவருடைய கூட்டல் 3 அல்லது 4 இல் நின்றுவிடும். சிகிச்சை எடுத்து நலமடைய வேண்டியவர் அவர், விண்ணப்பிக்க வேண்டியவர் அல்லர். மனச்சோர்வு வந்தவர்களில் பலர் மருந்தாலும் ஆலோசனையாலும் மீண்டுவிடுவதால், நோய் தொடங்கிய சில மாதங்களிலேயே சான்றிதழ் கேட்டுப் போனால், சிகிச்சையைத் தொடர்ந்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் சொல்வது நியாயமானதே.

முதல் படி: சீட்டுகளைச் சேர்த்தல்

நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதை வாய்ச்சொல்லால் மெய்ப்பிக்க முடியாது. தேதியிட்ட காகிதம் வேண்டும். எனவே, சான்றிதழ் பற்றிய எண்ணமே இல்லாதவர்கள்கூட, முதல் நாள் ஓ.பி. சீட்டிலிருந்து ஒன்றையும் எறியாமல் ஒரு கோப்பில் தேதி வரிசையில் வைக்கத் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் ஓராண்டுச் சீட்டுகள் பொட்டலம் மடிக்கப் போய்விட்டன. அதனால் ஓராண்டு நோய் எங்கள் கணக்கிலேயே வராமல் போயிற்று.

தனியார் மருத்துவரிடம் பார்த்தவர்களின் சீட்டில் பெரும்பாலும் மாத்திரைப் பெயர்கள் மட்டுமே இருக்கும். நோயின் பெயர், தொடங்கிய காலம், இதுவரை தந்த சிகிச்சை, இப்போதுள்ள நிலை ஆகியவற்றை மருத்துவரின் தலைப்புத்தாளில் ஒரு சுருக்கமாக எழுதி, கையொப்பமும் பதிவெண்ணும் இட்டுத் தருமாறு பணிவாகக் கேளுங்கள். சிலர் எஃப்32 அல்லது எஃப்33 என்ற குறியீட்டையும் எழுதுவார்கள். முன்னது ஒருமுறை வந்த மனச்சோர்வையும் பின்னது திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வையும் குறிக்கும். உள்நோயாளியாக இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி மிக வலுவான ஆதாரம். பழைய ஆவணம் தொலைந்துவிட்டால், தன் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு அளித்திருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்கலாம்.

தனியாரிடம் மட்டும் பார்த்து வருபவர்கள், விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பாவது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதிவு செய்துகொள்வது என் பார்வையில் மிகவும் பயனுள்ளது. சேலம் நகரத்தவர்க்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேட்டூர், ஆத்தூர் பக்கத்தவர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு வட்டார மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் வருவது அந்தத் திட்டத்தின் பணிமுறை. சான்றிதழை மதிப்பிடப்போகும் மருத்துவர் உங்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்ற நிலை இல்லாமல், உங்கள் சிகிச்சை நோட்டுப் புத்தகத்தில் அவர் கையெழுத்தே நாலைந்து இடங்களில் இருந்தால், அது எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும் விட மேலானது. மருந்தும் இலவசமாகவே கிடைக்கும்.

இரண்டாம் படி: விண்ணப்பம்

நாடு முழுவதற்கும் பொதுவான தனித்துவ அடையாள அட்டைக்கு, யுடிஐடி என்று எல்லோரும் சொல்வதற்கு, ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழுக்கும் அட்டைக்கும் ஒரே விண்ணப்பம்தான். கைப்பேசியிலேயே செய்யலாம், இயலாதவர்கள் இ-சேவை மையத்திலோ, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவி பெறலாம். ஆதார், புகைப்படம், கையொப்பம் அல்லது கைநாட்டு, முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்கள் ஆகியவை வேண்டும். ஆதாரில் உள்ள கைப்பேசி எண் பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள், ஏனெனில் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் போகும். எழுத்துப்பிழை எவ்வளவு சிறியதானாலும், ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில் செய்யவேண்டியதே.

எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வரும். வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம்; அல்லது சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று விதிகள் இடம் தருகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸிலோ சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ தொடர்ந்து சிகிச்சை பெறும் சேலத்துக்காரர்களுக்கு இது உதவும். எங்கே பெற்றாலும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டத்தின் 58 ஆவது பிரிவு கூறுகிறது.

விண்ணப்பத்துக்கும் மதிப்பீட்டுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்தின் சிறு சேவைக் கட்டணத்துக்கு மேல் யாராவது, ஐந்தாயிரம் கொடுத்தால் விழுக்காட்டை ஏற்றித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலில் சொன்னால், அவரிடமிருந்து விலகிப் போங்கள். பொய்ச் சான்றிதழ் பெறுவது 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே தண்டனைக்குரிய குற்றம்.

மூன்றாம் படி: மதிப்பீட்டு நாள்

இந்தப் படியில்தான் நாங்கள் முதலில் தோற்றோம். மருத்துவர் என் தம்பியிடம், "சாப்பாடு, தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டார். "நல்லாருக்கு சார்," என்றான். "வேலைக்குப் போறீங்களா?" "போய்க்கிட்டுதான் சார் இருக்கேன்." பட்டறைக்குப் போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. முன்பின் அறியாத ஒருவரிடம், அதுவும் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, தன்னால் எதுவும் முடியவில்லை என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அன்றைக்கு நான் அவனுக்குச் சலவைச் சட்டை அணிவித்து, முகம் மழித்து, தலை வாரி அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் முன்னால் மரியாதையாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு. வெளியே வந்ததும், "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றேன். "வேற என்னக்கா சொல்றது?" என்றான்.

ஆகவே இந்த நாளுக்கான ஆயத்தம் ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நோயாளியோடு வாழ்பவர் ஒருவர், மேலே சொன்ன நான்கு பகுதிகளின் கீழும் கடந்த ஓராண்டில் நடந்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். சோர்வாக இருக்கிறார், ஒன்றும் செய்வதில்லை என்பன போன்ற பொதுவான சொற்களால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது. வாரத்தில் எத்தனை நாள் குளிக்கிறார், யார் சொல்லிக் குளிக்கிறார். கடைசியாக வேலைக்குப் போன மாதம் எது, எதனால் நின்றது. மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள். எந்தெந்த உறவினர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்குப் போகவில்லை. ரேஷன் கடைக்குத் தனியாகப் போய்ப் பொருள் வாங்கி வர முடிகிறதா என்று எண்ணிக்கையோடும் மாதத்தோடும் எழுதினால் அரைப் பக்கம் வரும். அந்த அரைப் பக்கம் போதும்.

நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் நோய் இது. மதிப்பீட்டு நாள் நல்ல நாளாக அமைந்துவிட்டால், இன்று தெளிவாக இருக்கிறார், ஆனால் மாதத்தில் பத்து நாட்களே இப்படி என்று உடன் வந்தவர் சொல்ல வேண்டும். மருந்து உண்ணும்போது எப்படி, விட்டுவிட்டால் எப்படி என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். மிகைப்படுத்துவது மட்டும் வேண்டாம். நடுத்தரப் பாதிப்பை முழு முடக்கம் என்று காட்ட முயல்பவர்களை மருத்துவர்கள் எளிதில் இனங்காண்பார்கள். அதன்பின் உண்மையாகச் சொன்னதும் எடுபடாது. அன்றாடம் எப்படி இருக்கிறாரோ அப்படியே அழைத்துப் போங்கள், எப்போதும் வீட்டில் யார் கவனித்துக்கொள்கிறாரோ அவரே உடன் செல்லட்டும். பேசத் தெரிந்தவர் என்று ஊர்ப் பெரியவரை அழைத்துப்போனால், நோயாளி எப்போது உறங்குகிறார் என்ற எளிய கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

மனச்சோர்வுக்கு இணையாகக் குடிப்பழக்கமும் இருந்தால் அதை ஒளிக்க வேண்டாம். சீட்டில் எங்காவது அது எழுதப்பட்டிருக்கும். கேட்கும்போது இல்லை என்றால் மற்றவையும் ஐயத்துக்கு உள்ளாகும். எது முதலில் வந்தது, குடி நின்ற காலத்திலும் சோர்வு தொடர்ந்ததா என்று சொல்வதே பயன் தரும்.

சான்றிதழைப் படித்துப் பார்த்தல்

2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி மூன்று மாதங்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். அட்டையின் நிறமும் பொருளுடையது: 40 விழுக்காட்டுக்குக் குறைவென்றால் வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழ் வரை மஞ்சள், 80க்கும் அதற்கு மேலும் நீலம். சான்றிதழில் பெரும்பாலோர் பார்க்கத் தவறுவது மறுமதிப்பீட்டு வரி. மனச்சோர்வு குறையவும் கூடவும் செய்கிற நோய் என்பதால், குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும் என்று தற்காலிகச் சான்றிதழ் தருவது இயல்பு. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்டையில் குறைபாட்டின் வகையும் அச்சிடப்பட்டிருக்கும். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்னாவது என்று அஞ்சி அட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். அந்த அச்சத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சலுகை கேட்காத இடத்தில் அட்டையைக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதையும், நோயாளியின் நோய் விவரத்தை மறைவாகக் காக்க வேண்டியது மருத்துவமனையின் சட்டக் கடமை என்பதையும் அவர்கள் அறிந்து முடிவெடுக்கலாம்.

நான்காம் படி: எதைக் கேட்பது

சான்றிதழ் வந்ததும் பணம் தானாக வராது. தனியே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே இரண்டு துறைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் மாதம் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகை, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்று குறிப்பிட்ட வகையினருக்கு உரியது. மனச்சோர்வுக்கு விண்ணப்பிப்போர் பெரும்பாலும் நாட வேண்டியது வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை. இது 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 18 வயது நிறைந்து, ஆதரவின்றி, வேலையின்றி இருப்பவர்களுக்கு உரியது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர் ஆணை பிறப்பிப்பார். விசாரணைக்கு வருபவர் வீட்டையும் சொத்தையும் வருமானத்தையும் பார்ப்பார். சம்பாதிக்கும் மகனின் பெயர் அதே குடும்ப அட்டையில் இருந்தால் அதைப் பற்றிக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து, உண்மை நிலையைச் சொல்ல ஆயத்தமாக இருங்கள். 80 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினர்க்கான மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மனச்சோர்வில் அரிதாகவே பொருந்தும்.

ஆலையிலோ நூற்பாலையிலோ வேலை பார்த்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய வழி ஒன்று உண்டு. அதை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். சாதாரண நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 விழுக்காடாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். அதற்குப் பிறகும் வேலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு, 34 நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி, 80 விழுக்காடாக இரண்டு ஆண்டுகள் வரை நீளும். அந்தப் பட்டியலில், வெளிக்காரணமின்றி உள்ளிருந்து எழும் கடுமையான மனச்சோர்வும் இடம்பெற்றிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 156 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். எனவே, வேலையை விட்டு நின்றுவிடுவதற்கு முன்னால் இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பாருங்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கேட்பவர்களே அதிகம்.

அரசு ஊழியர்களுக்கும் பொதுத்துறை ஊழியர்களுக்கும் சட்டத்தின் 20 ஆவது பிரிவு காப்பளிக்கிறது: பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்தப் பணி இயலாதென்றால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். வேலை தேடும் இளைஞர்கள், அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் மனநோய், புறவுலகச் சிந்தனையின்மை (ஆட்டிசம்), அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 விழுக்காடு இருப்பதை நினைவில் கொள்ளலாம். பழைய வரி முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 80யு (தனக்கு), 80டிடி (தன்னைச் சார்ந்திருப்பவருக்கு) என்று அறியப்பட்ட கழிவுகளும் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை. மாதாமாதம் மருந்துக்குப் போகிறவர்களுக்கு இதுவே நல்ல மிச்சம்.

மறுக்கப்பட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் எழுதிக் கேளுங்கள். ஆவணம் போதவில்லை என்பதே காரணமென்றால் மேல்முறையீடு செய்து நாளைக் கடத்துவதைவிட, சிகிச்சையைத் தொடர்ந்து சில மாதங்கள் கழித்துப் புதிதாக விண்ணப்பிப்பது விரைவாக முடியும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். விழுக்காடு உண்மை நிலைக்குப் பொருந்தவில்லை என்று உறுதியாக நம்பினால், சட்டத்தின் 59 ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். காலவரம்பு உண்டு என்பதால் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். ஓய்வூதிய விண்ணப்பம் மாதக்கணக்கில் நகராமல் இருந்தால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, மனு எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஏற்காட்டிலிருந்து வருவோருக்கு

மலையிலிருந்து வருபவர்களின் இடர்ப்பாடு வேறு. நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சேலத்தில் பேருந்து மாறி மருத்துவமனை சேர்வதற்குள் ஓ.பி. நேரம் பாதி கடந்துவிடும். இரவு மாத்திரையின் மயக்கம் தெளியாத நோயாளிக்கு அந்த வளைவுகள் வாந்தியையும் தலைசுற்றலையும் தரும். அன்றைக்கு மருத்துவர் முன் அவரால் ஒரு வார்த்தையும் பேச முடியாது. இயன்றால் முதல் நாளே இறங்கிச் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். மாதாந்தரச் சிகிச்சையை மலையிலேயே வைத்துக்கொள்ள, ஏற்காடு அரசு மருத்துவமனையில் மனநலக் குழு வரும் நாளைக் கேட்டு வையுங்கள். சேலத்துக்கு இறங்குவது மதிப்பீட்டுக்கு மட்டும் என்று ஆக்கிக்கொண்டால் ஒன்றிரண்டு நடையோடு முடியும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் இறங்கினால் நோயாளிக்கும் துணைக்கும் சேர்த்து இரண்டு கூலி போகும் என்பதால், பருவம் தொடங்குமுன் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

எஸ்டேட் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு முகவரிச் சான்று சிக்கலாகலாம். ஆதாரில் சொந்த ஊர் முகவரியும் குடும்ப அட்டையில் எஸ்டேட் முகவரியும் இருந்தால், ஓய்வூதிய விசாரணை எந்தக் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும் என்பதிலேயே இழுபறி வரும். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே விண்ணப்பியுங்கள்.

தற்காலிகச் சான்றிதழ் பெற்றவர்கள், அது முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பாகவே அதே இணையதளத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். காலாவதியான சான்றிதழால் ஓய்வூதியம் நின்றுபோகக்கூடும். இடைப்பட்ட காலத்தில் மாதச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மறுமதிப்பீட்டில் முதலில் புரட்டப்படுவது அந்த நோட்டுப் புத்தகம்தான். என் தம்பியின் சான்றிதழில் மூன்று ஆண்டு என்று எழுதியிருக்கிறது. இப்போது வாரத்தில் இரண்டு நாள், அரை நாள் அளவுக்குப் பட்டறைக்குப் போகிறான். மறுமதிப்பீட்டுக்குக் கொண்டுபோகும் தாளில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.